தாமரை மெழுகா, குடுவைச் செடியா: உப்புக்காற்றில் நிற்கும் கண்ணாடிக்கு எது பொருந்தும்?

மொரிசியஸின் மாயேபூரில் கடலைப் பார்த்தபடி என் தாய்மாமாவின் வீடு. மாடியில் சூரிய மின்தகடுகள். இரவுப் பனி காய்ந்த இடமெல்லாம் உப்பு வளையம் வளையமாகப் படிந்திருக்கும், மேசையில் தேநீர்க் கோப்பை விட்டுப்போன தடம் போல. "தண்ணீர் ஒட்டாத பூச்சு வந்திருக்கிறதாமே, எதைப் பூசலாம்?" என்று மாமா கேட்டார். மூன்று வழிகள் போட்டியில் இருக்கின்றன.

முதலாவது தாமரை வழி. பாம்ப்ளமூஸ் தோட்டத்துக் குளத்தில் தாமரை இலைமேல் நீர் முத்தாக உருளுவதை மொரிசியஸில் பார்க்காதவர் குறைவு. காரணத்தை 1997-இல் பார்த்லாட், நைன்ஹுயிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் விளக்கினார்கள். இலையில் சுமார் 10 மைக்ரோமீட்டர் அளவிலான மேடுகள். அவற்றின்மேல் 100 நானோமீட்டர் அகலத்தில் மெழுகுக் குழாய்கள். நீர் அவற்றின் நுனிகளில் மட்டும் தங்க, அடியில் காற்று நிற்கிறது. என்னை வியக்க வைப்பது அந்தக் குழாய்களின் பிறப்புதான். மெழுகைக் குளோரோஃபார்மில் கரைத்துத் தட்டையான தளத்தில் விட்டால், கரைப்பான் ஆவியானதும் மூலக்கூறுகள் தாமாகவே அடுக்கிக்கொண்டு மறுபடியும் குழாய்களாகின்றன. இலையில் தேய்ந்துபோனாலும் செடி புது மெழுகை ஊறவிடும்.

கண்ணாடிக்கு அந்த உயிர் இல்லை. சமையலறையில் ஒரு சேம்பிலையை எடுத்துப் பாருங்கள், அதுவும் தாமரையைப் போலவே நீரை உதறும். கட்டைவிரலால் ஓரிடத்தை அழுத்தித் தேயுங்கள். அங்கே மட்டும் நீர் பிடித்துக்கொள்ளும். ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், பரவி ஊறிவிடும். பனியும் இதற்குப் பகை: ஆவி அந்த இடுக்குகளுக்குள்ளேயே குளிர்ந்து நீரானால் காற்று வெளியேறி, சொட்டு சிக்கிக்கொள்ளும். போதாக்குறைக்கு, இவ்வளவு பெரிய மேடுகள் ஒளியைச் சிதறடிக்கும். ஒளியை உள்ளே விடவேண்டிய தகட்டுக்கு இது ஆகாது.

இரண்டாவது, அண்டை நாடுகளான மடகாஸ்கரிலும் செஷல்ஸிலும் வளரும் குடுவைச் செடி காட்டும் வழி. அதன் விளிம்பில் படிந்த நீர்ப்படலத்தில் எறும்பு வழுக்கி உள்ளே விழுகிறது. இதைப் பின்பற்றி 2011-இல் ஹார்வர்டில் ஜோவானா ஐசன்பெர்க் குழுவினர் நுண்துளைத் தளத்தில் எண்ணெயை ஊறவைத்தார்கள். சொரசொரப்பு அடியில் ஒளிந்துகொள்ள, மேலே திரவம் மட்டும். பரப்பு இழுவிசை அதை ஒரு நானோமீட்டருக்கும் குறைவான மேடுபள்ளத்துக்குச் சமன்செய்துவிடும். கீறினால் எண்ணெய் ஓடிவந்து நிரப்பும். இரத்தமும் கச்சா எண்ணெயும்கூட வழுக்கிப் போகும். அழகான தீர்வு. ஆனால் உருளும் ஒவ்வொரு நீர்ச்சொட்டும் மெல்லிய எண்ணெய்ப் போர்வையுடன் இறங்கும். அது கடைசியில் சேரும் இடம் எங்கள் கடற்கழி. 2020 ஆகஸ்டில் ஒரு கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவை கட்டிய ஊர் இது. கூரைகளிலிருந்து துளித்துளியாக இன்னோர் எண்ணெய் இறங்குவதை என்னால் ஏற்க முடியாது.

மூன்றாவது வழி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என் வாக்கு அதற்குத்தான். 2016-இல் வாங், மெக்கார்த்தி இருவரும் சிலிக்கோன் சங்கிலிகளை வழவழப்பான தளத்தில் ஒரு முனையில் மட்டும் வேதிப்பிணைப்பால் கட்டினார்கள். சிறிது அமிலம் கலந்த கரைசலில் நனைத்து உலரவிட்டால் சங்கிலிகள் தாமாகவே வளர்ந்து, சில நானோமீட்டர் தடிமனுள்ள படலமாகின்றன. மறுமுனை அசைந்துகொண்டே இருப்பதால் தளம் திரவம் போல நடந்துகொள்கிறது, ஆனால் வடிந்துபோக எதுவும் இல்லை.

கடைகளில் தொடுகோணத்தை, அதாவது சொட்டின் விளிம்பு தளத்தோடு ஆக்கும் கோணத்தைக் காட்டித்தான் விற்பார்கள். தாமரையில் அது ஏறத்தாழ 160 பாகை, இதில் 104 அளவுதான். அந்த எண்ணில் மயங்க வேண்டாம். நகரும் சொட்டின் முன்விளிம்புக் கோணத்துக்கும் பின்விளிம்புக் கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். இந்தப் படலத்தில் அது சுமார் 1 பாகை. விளிம்பு எங்கும் சிக்காததால் காயும் உப்புநீர் வளையம் போடாமல் சுருங்கி, நடுவில் ஒரு சிறு மணியாக நிற்கும். அடுத்த மழை அதைக் கழுவிவிடும். நாம் இருப்பது ஏறத்தாழ 20 பாகைத் தென் அட்சரேகை. தகடுகளும் கிட்டத்தட்ட அந்தச் சாய்வில்தான் நிற்கின்றன. சொட்டு இறங்க அது தாராளம்.

மாமாவிடம் இரண்டு நிபந்தனைகள் சொல்லியிருக்கிறேன். காரம் மிகுந்த சோப்புத்தூள் அந்தப் பிணைப்பை அறுக்கும், ஆகவே வெறும் நல்ல தண்ணீர் மட்டும். மழை இல்லாத வாரங்களில் மாடிக்குக் குழாயை அவரே எடுத்துச் செல்ல வேண்டும்.