ஏழு வருஷ ஜோட்டெரோ: சாமிநாதையர் 'ஐயர்' ஆன கதை

போன வாரம் எங்கள் துறையில் முனைவர் பட்டத்துக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அக்கா, ஜோட்டெரோ போடலாமா, இல்ல ரெஃபரன்ஸ் எல்லாத்தையும் வேர்டிலேயே டைப் பண்ணிக்கட்டுமா?" ஜோட்டெரோ என்பது நூல் விவரங்களைச் சேர்த்துவைத்து, கட்டுரையில் மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் தானே போட்டுத்தரும் மென்பொருள். வேறு நாளாக இருந்தால் "உடனே போடு" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். முந்தின நாள்தான் என் கட்டுரை ஓர் ஆய்விதழிலிருந்து திருத்தத்துக்குத் திரும்பி வந்திருந்தது. ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2018இல் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தபோது போட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அதில்தான் வேலை. எப்படி நிறுவுவது, எந்தப் பொத்தான் எங்கே என்பதெல்லாம் வலையில் கொட்டிக் கிடக்கிறது, அதற்குள் போகவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021இல் ஒரு கட்டுரையைச் சிகாகோ முறை அடிக்குறிப்புகளோடு ஓர் இதழுக்கு அனுப்பினேன். எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து அனுப்பிய இதழ் ஏபிஏ என்ற மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்பைக் கேட்டது. 140 சான்றுகள். ஸ்டைலை மாற்றி ஓகே கொடுத்தேன். அடிக்குறிப்பில் இருந்தவை எல்லாம் வரிக்குள் ஏறி அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்தன. பதிப்பித்த ஊர்ப் பெயரை ஏபிஏ ஏழாம் பதிப்பு விட்டுவிட்டதால் அதுவும் பட்டியலிலிருந்து தானாகவே போனது. என் கைடு காலத்தில் இது ஒரு மாத வேலை. அவர் நூல் விவரங்களை அட்டைகளில் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு, பிஸ்கட் டின்னில் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் நினைவு வந்து கண் கலங்கிவிட்டது. 2022இல் வந்த ஜோட்டெரோவின் ஆறாம் பதிப்பில் பிடிஎஃப்பை உள்ளேயே திறந்து கோடிட்டுப் படிக்கும் வசதியும் சேர்ந்தது. கோடிட்ட வரி பக்க எண்ணோடு குறிப்பில் வந்து விழும். நம் பழைய பதிப்புகள் ஸ்கேன் செய்த படங்கள்தானே, அவற்றில் வரியைத் தேர்ந்தெடுக்க முடியாது, கட்டம் போட்டுத்தான் வெட்டி எடுக்க வேண்டும். அந்த ஸ்கேன்களுக்கு இலவசமாகத் தரும் 300 எம்பி இடமும் போதாது. வருஷத்துக்கு 20 டாலர் கட்டி 2 ஜிபி வாங்கிக்கொண்டேன். இதெல்லாம் எனக்குக் குறையாகவே படவில்லை.

என் கோபம் பெயர் விஷயத்தில்.

திரும்பி வந்த கட்டுரை சங்க நூல்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகளைப் பற்றியது, ஆங்கிலத்தில் எழுதியது. மதிப்பீட்டாளர் ஒருவர் துணைநூற்பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தார்: இந்த ஐயர், சாமிநாதையர், சி எழுத்தில் வரும் இன்னொருவர், மூவரும் ஒருவரா, வேறு வேறு ஆட்களா? பட்டியலைத் திறந்தேன். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் மூன்று இடத்தில் நின்றார். ஆங்கில ஐ எழுத்தின் கீழ் 'ஐயர், யு. வி. எஸ்.' என்று. எஸ்ஸின் கீழ் 'சாமிநாதையர், யு. வி.' என்று. நூலக ஒலிபெயர்ப்பு முறையில் ச என்பதற்கு ஆங்கில சி போடுவார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் சி எழுத்தின் கீழ் மூன்றாவது முறை.

மென்பொருளுக்குள் ஆசிரியர் பெயருக்கு இரண்டு பெட்டிகள்: குடும்பப் பெயர், முதற்பெயர். இணையப் பட்டியலிலிருந்து ஒரு நூலை இழுக்கும்போது, கடைசியில் நிற்கும் சொல்தான் பெரும்பாலும் குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள் வந்து விழுகிறது. மற்றதெல்லாம் முதற்பெயர். அதை ஏபிஏ எழுத்தாகச் சுருக்கிவிடும். உ. என்றால் உத்தமதானபுரம், ஊர். வே. என்றால் வேங்கடசுப்பையர், தந்தை. சாமிநாதன் என்பதுதான் அவர் பெயர். சுருக்கிய பிறகு ஊர் ஓர் எழுத்தாக மிஞ்சுகிறது, அப்பா ஓர் எழுத்தாக மிஞ்சுகிறார், அவருடைய சொந்தப் பெயரும் ஓர் எழுத்தாகிறது. முழுதாக நிற்பது சாதிப் பட்டம் ஒன்றுதான். கட்டுரைக்குள் பார்த்தால் '(ஐயர், 1894)'.

அவர் மட்டுமல்ல. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை பெயரைப் பிரித்து எழுதியிருந்தால் அவர் 'பிள்ளை'. தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப்பிள்ளையும் 'பிள்ளை'. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக்காரர் ஒருவரும் திருநெல்வேலிச் சீமைக்காரர் ஒருவரும் ஒரே குடும்பத்து ஆட்கள் போல அடுத்தடுத்து நிற்கிறார்கள். ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவர்கள் இவர்கள். அவர்கள் உழைப்புக்கு நாம் செய்யும் மிகச் சின்னக் கைம்மாறு பெயரைச் சரியாகப் போடுவது. அதுவும் என் பட்டியலிலேயே தப்பிப் போனது எனக்குத் தாங்கவில்லை.

நியாயமாகச் சொன்னால் சரிசெய்ய வழி இருக்கிறது. 'சாமிநாத ஐயர்' என்ற இரண்டு சொல்லையும் குடும்பப் பெயர்ப் பெட்டியிலேயே போட்டு, இனிஷியலை மட்டும் மற்றதில் போட்டால் ஒழுங்காக வரும். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு இரண்டு பெட்டியையும் ஒன்றாக்கும் சின்ன ஐகான் பக்கத்திலேயே உண்டு. ஒரு நூலுக்கு அரை நிமிஷம். ஆனால் ஒரே ஆளின் எல்லா நூலிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் இடத்தில் இனிஷியலும் இன்னோர் இடத்தில் முழுப் பெயருமாக இருந்தால் இரண்டு ஆள் என்று எடுத்துக்கொண்டு, வேறுபடுத்திக் காட்ட வரிக்குள்ளேயே இனிஷியலைச் சேர்த்துவிடும்.

நான் இதையெல்லாம் செய்திருந்தேன். என் சேகரிப்பில் சாமிநாதையர் ஒரே சாமிநாதையர். மதிப்பீடு வந்த அன்று ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து மறுபடி சரிபார்த்து, ரெஃப்ரெஷ் கொடுத்தேன். 'ஐயர்' அப்படியே இருந்தார். திரும்பக் கொடுத்தேன். வேர்டை மூடித் திறந்தேன். ஒரு மணி ஆனபோதுதான் புரிந்தது: அந்த மேற்கோள்களைச் சேர்த்தது நானல்ல, கட்டுரையை என்னோடு சேர்ந்து எழுதிய தோழி, தன் மடிக்கணினியில், தன் சேகரிப்பிலிருந்து. அப்படிச் சேர்த்தவற்றின் விவரம் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். என் பக்கம் என்ன திருத்தினாலும் அதைத் தொடாது. பதினேழு இடத்திலும் அழித்து, என்னுடையதிலிருந்து மறுபடி போட்டேன். இருவரும் தொடக்கத்திலேயே குரூப் லைப்ரரி என்று ஒரு பொதுச் சேகரிப்பு வைத்து அதிலிருந்து மட்டும் எடுத்திருந்தால் இது நடந்திருக்காது. கூட்டாக எழுதுகிறவர்கள் முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள்.

இன்னொன்று, இது மென்பொருளோடு நிற்கும் விஷயமில்லை. கட்டுரை அனுப்பும் படிவங்களில் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போக விடாததால் அப்பா பெயரைப் போட்டேன். இன்றைக்கு என் கட்டுரைகள் எல்லாம் அப்பா பெயரில் மேற்கோளாகின்றன. அவர் பள்ளிக்கூட வாசலைத் தாண்டாதவர், அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் உண்டு. ஆனாலும் என் பெயர் ஓர் எழுத்துத்தான். நமக்காவது ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் ஆர்கிட் என்று 16 இலக்க எண் இருக்கிறது, யார் என்று அதைவைத்துக் கண்டுபிடித்துவிடலாம். 1942இல் மறைந்த சாமிநாதையருக்காக அந்த எண்ணை வாங்கி வைக்க யார் இருக்கிறார்கள்?

ஆக, தம்பி, இன்றைய தேதியில் என் பதில்: போடாதே. உன் ஆய்வேட்டில் பாதிக்கு மேல் தமிழ் நூல்கள். முதல் நூறு நூலையாவது தலைப்புப் பக்கத்தைப் பார்த்துக் கையால் எழுது. பெயர் எங்கே முடிகிறது, பட்டம் எங்கே தொடங்குகிறது என்று உன் கண்ணுக்குத் தெரிந்த பிறகு யோசிக்கலாம். நான் விடப்போகிறேனா என்றால், இல்லை. அடுத்த கட்டுரைக்கான நூல்கள் நேற்றே அதில் ஏறிவிட்டன.

நீ இதைக் கேட்கமாட்டாய், ராத்திரியே போட்டிருப்பாய் என்று தெரியும். திங்கள்கிழமை மடிக்கணினியைத் துறைக்கு எடுத்து வா. சாமிநாதையரிலிருந்து தொடங்கலாம்.