கிளவுட் கிரெடிட் கிடைக்காதபோது: நீண்ட நாள் அனுபவம்

எங்கள் சின்ன ஸ்டார்ட்அப்பில் சர்வர் வேலைகளை ஆரம்பத்திலிருந்தே நான்தான் பார்த்துவருகிறேன். இலவச கிளவுட் கிரெடிட் (வாடகை சர்வர் பில்லில் கழித்துக்கொள்ள கிளவுட் கம்பெனிகள் தரும் தொகை) கேட்டு முதலில் அனுப்பிய விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். பிறகு கொஞ்சம் கிடைத்தது. அது தீர்ந்து, இப்போது முழு பில்லையும் நாங்களே கட்டுகிறோம்.

நிராகரிப்பு மெயிலில் காரணம் இல்லை. தகுதி வரம்புக்குள் வரவில்லை என்று ஒரு வரி, அவ்வளவுதான். படித்ததும் நம் ஐடியாவையே வேண்டாம் என்று சொன்னதுபோல் மனசு சுருங்கிப்போகும். ஆனால் இந்தத் திட்டங்களின் விதிகளைப் பார்த்தால், ஐடியாவுக்கு முன்னால் நிற்பவை வேறு: இயங்கும் வெப்சைட் இருக்கிறதா, மெயில் முகவரி கம்பெனி டொமைனில் இருக்கிறதா, கம்பெனி தொடங்கி எத்தனை ஆண்டு, முன்பே கிரெடிட் வாங்கியிருக்கிறதா.

"ஏன் நிராகரித்தீர்கள்?" என்று கேட்டால் அதே வரி திரும்பி வரும். நாங்கள் "எந்த விவரத்தை உங்களால் சரிபார்க்க முடியவில்லை?" என்று கேட்டோம். வெப்சைட்டுக்கும் விண்ணப்பித்த கம்பெனிக்கும் தொடர்பு தெரியவில்லை என்று பதில் வந்தது. பதிவு செய்த பெயர் ஒன்று, ப்ராடக்ட் பெயர் இன்னொன்று. வெப்சைட்டின் அடியில் பதிவுப் பெயரைச் சேர்த்தோம், பில்லிங் பக்கத்திலும் அதே எழுத்துகளில் மாற்றினோம், மறுபடி விண்ணப்பித்தோம். அந்த முறை கிடைத்தது.

எந்தப் படிக்கு, அதாவது எவ்வளவு தொகைக்கான பிரிவுக்கு, விண்ணப்பிக்கிறோம் என்பதும் முக்கியம். அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ் ஸ்டார்ட்அப்களுக்கு நடத்தும் ஆக்டிவேட் திட்டத்தில், சொந்தக் காசில் நடத்துபவர்களுக்கு 1,000 டாலர் படி உண்டு. அதைவிடப் பெரிய படிக்கு முதலீட்டாளரோ இன்குபேட்டரோ (புது கம்பெனிகளுக்கு இடமும் வழிகாட்டுதலும் தரும் அமைப்பு) தரும் அடையாள எண் வேண்டும். கூகுள் கிளவுடிலும் முதலீடு வாங்காதவர்களுக்கு 2,000 டாலர் வரைதான். முதலீடும் இன்குபேட்டரும் இல்லாமல் பெரிய படியைக் கேட்பது வீண் வேலை.

காத்திருந்த காலத்தில் பில்லை வரிவரியாகப் படித்தோம். எனக்கு அதுதான் இந்த அனுபவத்திலேயே உருப்படியான பகுதி. உள்ளே இருக்கும் சர்வர்களை இணையத்தோடு இணைக்கும் நாட் கேட்வே (NAT gateway) சும்மா இருந்தாலும், ஒன்றுக்கு ஏ.டபிள்யூ.எஸ்-ஸின் பெரும்பாலான அமெரிக்க ரீஜன்களில் (சர்வர் மையங்கள் இருக்கும் பகுதிகள்) மணிக்கு 0.045 டாலர், மாதம் 32 டாலருக்கு மேல். அதன் வழியாகப் போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணம். அதே ரீஜனில் உள்ள எஸ்3 என்ற ஃபைல் சேமிப்புச் சேவைக்குப் போகும் டேட்டாவைக் கேட்வே எண்ட்பாயிண்ட் என்ற நேரடி வழியில் திருப்பினால் அந்தக் கட்டணம் அறவே இல்லை. இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் பொது ஐபிவி4 (IPv4) முகவரி ஒவ்வொன்றுக்கும் 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு 0.005 டாலர். டிஸ்க்கை gp2 என்ற பழைய வகையிலிருந்து gp3 என்ற புது வகைக்கு மாற்றினால் அதே கொள்ளளவு 20 சதவீதம் வரை மலிவு. டெஸ்ட் சர்வர் வாரம் 168 மணி நேரமும் ஓட வேண்டியதில்லை. வேலை நாட்களில் 12 மணி நேரம் வீதம் 60 மணி போதும்.

கிரெடிட் வந்த பிறகு வேறொரு ஆபத்து. பில் பூஜ்யம் என்று காட்டுவதால் செலவு ஏறுவதே கண்ணில் படாது. செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கும் பட்ஜெட் அலர்ட் வைக்கும்போது, கிரெடிட்டைக் கழிப்பதற்கு முந்தைய தொகையை எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிடுங்கள். ஏ.டபிள்யூ.எஸ், கூகுள் இரண்டிலும் அந்த வசதி இருக்கிறது. கிரெடிட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. டொமைன் பதிவு போன்ற சில செலவுகளுக்கு அது செல்லாது.

இன்னொரு மெயில் ஐடியில் புது அக்கவுண்ட் திறந்து அதே கம்பெனிக்கு மறுபடி கேட்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அதைக் கண்டுபிடித்து அக்கவுண்டையே முடக்கினால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரும் நிற்கும், வாடிக்கையாளர் டேட்டாவும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இன்குபேட்டரில் சேரப்போகிறீர்கள் என்றால் சின்னப் படிக்கு அவசரப்படாமல், அவர்களிடம் அடையாள எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பெரிய படிக்குப் போகும்போது முன்பு வாங்கியதைக் கழித்துக்கொள்ளும் திட்டங்களும் உண்டு.