வழிகாட்டி நாயுடன் நடப்பவருக்கு ஏற்ற தீனிப்பை எது?

வழிகாட்டி நாயுடன் நடக்கும் பார்வையற்றவருக்கு, நாயின் உடலில் பூட்டும் கைப்பிடியுள்ள சேணத்துக்கு அடுத்தபடி முக்கியமான கருவி நாய்க்கு வெகுமதியாகக் கொடுக்கும் தீனியை வைத்து இடுப்பில் கட்டும் தீனிப்பைதான் என்பது என் உறுதியான எண்ணம். சிங்கப்பூர்ச் செல்லப்பிராணிக் கடைகளில் இருபது வெள்ளிக்குள் கிடைக்கும், காந்த வாயுடைய சிலிக்கான் பையையும் அதனோடு வரும் கிளிக்கரையும் (சரியான செயலை நாய்க்குச் சுட்ட, அழுத்தினால் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் சிறு கருவி) சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நிறத்தையும் தோற்றத்தையும் பற்றிப் பிறர் நிறைய எழுதிவிட்டதால், விரலாலும் காதாலும் நான் அறிந்ததை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வழிகாட்டி நாய்ப் பள்ளிகளில் நெடுங்காலம் வாரைச் சுண்டித் திருத்துவதும் வாயாரப் பாராட்டுவதுமே வழக்கமாக இருந்தன. உணவு கொடுத்துப் பழக்கினால் நாய் வீதியில் கிடப்பதையெல்லாம் மோந்து திரியும் என்று பயிற்றுநர்கள் அஞ்சினார்கள். கலிபோர்னியாவின் ‘கைட் டாக்ஸ் ஃபார் தி பிளைண்ட்’ போன்ற பள்ளிகள் 2000-களில் உணவையும் கிளிக்கரையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தபோது அந்த அச்சம் தேவையற்றது என்று தெரிந்தது. உணவு எப்போதும் உரியவரின் கையிலிருந்தே வரும், தரையிலிருந்து ஒருபோதும் வராது என்பதை நாய் திரும்பத் திரும்ப அனுபவித்து அறிவதே இதன் அடிப்படை. தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் மேசைக்கடியில் கிடக்கும் கோழி எலும்பை விட்டுத் தலை நிமிரும் அந்தக் கணத்தில் ‘யெஸ்’ என்று சொல்லி, உடனே பையிலிருந்து ஒரு துண்டு கொடுத்தால், எலும்பைப் புறக்கணிப்பதே நாய்க்கு ஆதாயமான செயலாகிவிடுகிறது. அன்போடுதான் என்றாலும், அருகிலிருப்பவர் தம் தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு வாய் பரோட்டா இந்த உழைப்பைக் குலைத்துவிடும், தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பையின் வாய்தான் இந்த மதிப்புரையின் மையம். சரியான செயலைக் குறிக்கும் ‘யெஸ்’ என்ற சொல் முதலில் வரவேண்டும், கை பைக்குள் போவது அதன் பிறகே. பற்பிணை (ஜிப்) வைத்த பையில் அதைத் திறக்கும் ஓசையே நாய்க்கு அறிவிப்பாகிவிடுவதால், சாலையோரத்தில் சரியாக நின்றதற்கான வெகுமதி, தலையைத் திருப்பிப் பையைப் பார்த்ததற்கான வெகுமதியாக மாறிவிடுகிறது. காந்த வாய் அநேகமாக ஓசையின்றித் திறக்கிறது. மூடும்போது விரலில் படும் மெல்லிய இழுப்பே மூடிவிட்டது என்று சொல்லிவிடுகிறது. பையை இடப்பக்கம் சற்றுப் பின்தள்ளி மாட்டுகிறேன். நாய் நின்றதும் சேணத்தின் கைப்பிடியை விட்டுவிட்டு இடக்கையாலேயே கொடுத்தால், அது தன் இடத்திலிருந்து என் முன்னால் வளைந்து வருவதில்லை.

கிளிக்கர் நல்ல தரமானதுதான். ஒலி கூர்மையாகவும் ஒரே சீராகவும் இருக்கிறது. ஆனால் ஒரு கையில் சேணமும் மறு கையில் கிளிக்கரும் இருந்தால் தீனியை எடுக்கக் கையில்லை. ஆகவே தெருவில் சொல்லையே நம்புகிறேன்; சேணமில்லாத நேரத்தில் மின்தூக்கிப் பொத்தானையோ சாலைக் கடப்புப் பொத்தானையோ மூக்கால் தொட்டுக் காட்டும்படி புதிதாகக் கற்பிக்கும்போது மட்டும் கிளிக்கரை எடுக்கிறேன்.

நம் ஊர் ஈரப்பதத்தில் துணிப்பை நாளடைவில் வாடை பிடிக்கும்; சிலிக்கானை இரவில் கழுவிக் கவிழ்த்து வைத்தால் போதும். உலர்தீனி மட்டும் பகல் முழுதும் பையிலிருந்தால் நமத்துப்போவதால், பாதியாக இரண்டு முறை நிரப்புகிறேன். அன்றாட உணவிலிருந்தே அளந்து எடுத்துவைப்பது அவசியம். லாப்ரடார் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியைக் கூட்டும் மரபணுக் குறைபாடு உண்டென்றும், உதவி நாய்களாகத் தேர்ந்தெடுக்கப்படுபவற்றில் அது இன்னும் மிகுதி என்றும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். உணவுக்காக ஆர்வத்தோடு உழைக்கும் நாய்தான் எளிதில் எடையும் கூடும்.

பையின் பின்புறக் கவ்வி எனக்கு நிறைவளிக்கவில்லை. எம்ஆர்டி ரயிலில் இருக்கையிலிருந்து எழும்போது அது நழுவுகிறது. தீனி சிதறினால் தரையிலிருந்து தின்னாதே என்ற பாடமே கெட்டுப்போகும். கவ்வியை மட்டும் நம்பாமல், இடுப்புவார் கோக்கும் வளையமுள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள். விலையில் பெரிய வேறுபாடு இல்லை.