நாய்க்குக் கீமோ ஊசியா? போடும் விதத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்

தெருவில் கிடந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள் செம்பி. பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டுகிறதே என்று பக்கத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டி.வி.டி. (TVT) என்ற தொற்றுப் புற்றுக்கட்டி என்றார்கள். இணைசேரும்போது ஒரு நாயின் புற்றுசெல்லே இன்னொன்றில் ஒட்டிக்கொண்டு வளர்வது. கணிப்பில் குறையில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம்.

முதலில் ஆபரேஷன் என்று பெரிய தொகை வாங்கினார்கள். கட்டி மறுபடி முளைத்தது. வெறுமனே வெட்டினால் இது திரும்ப வருவது சகஜம், வாரம் ஒரு வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசி போட்டாலே பெரும்பாலான நாய்களுக்கு நாலு முதல் ஆறு வாரத்தில் கரைந்துவிடும் என்று பிற்பாடு வேறொரு டாக்டர் சொன்னார்.

அந்த ஊசியையும் இவர்களே போட்டார்கள், 'இம்போர்டட்' என்று பில் போட்டு. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் மருந்து அது. நம் நாட்டிலேயே தயாராகிறது. குப்பியைக் காட்டச் சொன்னதற்கு, "உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்றார்கள். எடை பார்க்கவில்லை. வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க ரத்தமும் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் பார்க்க வேண்டுமாம். குறைந்திருந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டும்.

கொடுமை இனிமேல்தான். நரம்பில் (ரத்தக் குழாயில்) கேனுலா என்ற மெல்லிய குழாயைப் போட்டு, சலைன் விட்டுப் பார்த்து, பிறகே ஏற்ற வேண்டிய மருந்து இது. உதவியாளர் காலைப் பிடிக்க, வெறும் ஊசியால் குத்தினார்கள். அவள் உதறினாள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தது. சாயங்காலம் கால் வீங்கிப்போய் போன் செய்தால், "ஐஸ் வைங்க, சரியாயிடும்." வின்கிரிஸ்டின் கசிந்தால் வெந்நீர் ஒத்தடம்தான் கொடுக்க வேண்டும், ஐஸ் புண்ணை மோசமாக்கும். தோல் கறுத்து உரிந்து சதை தெரிந்தது. கேட்டால், "உங்க நாய் நக்கியிருக்கும்." ஊசி போட்டவுடனேயே வீங்கிய காலை எப்போது நக்கினாளாம்?

மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை. மற்றொரு இடத்தில் அதே மருந்தை ஒழுங்காக ஏற்றினார்கள், கட்டி கரைந்துவிட்டது. கால்தான் இன்னும் ஆறவில்லை.

மருந்தின் பெயரைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. பூனை வைத்திருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள்: சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து பூனைக்கு ஆகவே ஆகாது, நுரையீரலில் நீர் கோத்து உயிரே போய்விடும். ஊசி போட்ட சில நாட்களுக்கு மூத்திரம், மலம் அள்ளக் கையுறை வேண்டும் என்பதைக்கூட எங்களிடம் யாரும் சொல்லவில்லை, வீட்டில் கைக்குழந்தை இருப்பது தெரிந்தும்.

பில்லையும் காலின் போட்டோக்களையும் சேர்த்து மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.