ஹெர்மிஸ் கப்பல் கோட் என்று விற்கிறார்கள், ரிப்பனைப் பார்த்துக் காசு கொடுங்கள்

மட்டக்களப்பில் ஒருவர் 85,000 ரூபாய்க்கு வாங்கிய காக்கிக் கம்பளிக் கோட் ஒன்று எங்களிடம் பார்வைக்கு வந்தது. 1942 ஏப்ரல் 9இல் யப்பான் விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் தாழ்த்திய பிரித்தானிய விமானந்தாங்கிப் போர்க்கப்பலான ஹெர்மிஸில் இருந்து தப்பி வந்தவருடையதாம். அன்று கரையில் கழற்றிக் கொடுத்தது, இன்றுவரை ஒரு வீட்டு டிரங்குப் பெட்டிக்குள்ளேயே கிடந்ததாம். இடப்பக்க நெஞ்சில் நான்கு மெடல் ரிப்பன்கள், அதாவது மெடலுக்குப் பதிலாக உடுப்பில் தைக்கும் நிறத்துணிப் பட்டிகள். விற்றவர் இப்போது போனே எடுப்பதில்லை.

கோட் அசல். ஆள் ஏமாறுவதே அதனால்தான். உள் லேபிளும், பிரித்தானிய அரச உடைமை என்று காட்டும் அம்புக்குறி முத்திரையும் சரியாக இருந்ததும், மேலே தைத்ததையும் நம்பிவிட்டார். காக்கிக் கம்பளி தரைப்படையின் உடுப்பு, கப்பல்காரன் அதை ஏன் போட்டான் என்ற கேள்விகூட எழவில்லை.

அந்த நான்கும் இரண்டாம் உலகப் போருக்கான பிரித்தானிய மெடல்களின் ரிப்பன்கள்: 1939–45 ஸ்டார், பசிபிக் ஸ்டார், பர்மா ஸ்டார், வார் மெடல். முதலாவது 1943 ஜூலையில், அதுவும் 1939–43 ஸ்டார் என்ற பெயரில்தான் வந்தது. மற்ற இரண்டு ஸ்டாரும் 1945 மேயில், வார் மெடல் அந்த ஆகஸ்டில். 1942இல் கழற்றிய கோட்டில் இவற்றில் ஒன்றுகூட இருக்க வழியில்லை. அதைவிடப் பெரிய பிழை, பசிபிக்கும் பர்மாவும் ஒரே நெஞ்சில் இருப்பது. இரண்டுக்கும் தகுதி உள்ளவருக்கு ஒரு ஸ்டார்தான். மற்றதற்குப் பதிலாக ரிப்பன் மேல் சின்ன வெள்ளி ரோசாப்பூ. 1939–45 ஸ்டாரையும் திருப்பித் தைத்திருந்தார்கள். கருநீலம் நெஞ்சின் நடுப்பக்கம் வரவேண்டும், இதில் வெளிர்நீலம் வந்திருந்தது.

நிறக்கோடுகள் சரியாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. இதே வடிவ ரிப்பன்கள், 32 மில்லிமீட்டர் அகலத்தில், இன்றும் புதிதாக நெய்து விற்பனைக்கு வருகின்றன. ஆகவே துணியையும் நூலையும் பார்க்க வேண்டும்.

ஊசி முனையால் ரிப்பனின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்குங்கள். பல வருடம் வெயில்பட உடுத்த கோட் என்றால், ரிப்பனுக்கு அடியில் கம்பளி கடும் நிறமாக, ரோமம் தேயாமல் இருக்கும். இதில் உள்ளும் வெளியும் ஒரே நிறம். ரிப்பனிலும் அப்படித்தான்: வெயில் முன்பக்கத்தைத்தான் வெளுக்கும், மடிப்புக்குள் நிறம் பளிச்சென்று நிற்கும். மடிப்புக்குள்ளும் அதே பழுப்பு, விளிம்பில் தண்ணீர் காய்ந்த கோடு வேறு. தேத்தண்ணியில் ஊறப்போட்ட வேலை. பூச்சி ஓட்டையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கம்பளியை அரிக்கும் பூச்சி பருத்தி ரிப்பனைப் பெரும்பாலும் தொடாது.

யூவி டோர்ச்சை இருட்டில் பிடித்தால் புதுத் துணியும் நூலும் நீலவெள்ளையாக ஒளிரும். ஆனால் பழைய கோட்டை இந்தக் காலத்துச் சலவைத் தூளில் கழுவியிருந்தாலும் ஒளிரும். முழுக் கோட்டும் மின்னினால் சோதனை செல்லாது. ரிப்பனும் தையல் நூலும் மட்டும் மின்னினால் சந்தேகம் உறுதி. இதில் நூல் மட்டும் பளபளத்தது.

அதன்பின் நெருப்புச் சோதனை, விற்பவர் சம்மதித்தால் மட்டும். தையலின் வால் நுனியில் அரை அங்குலம் எடுத்துக் கொளுத்துங்கள். பருத்தியும் ரேயோனும் கடதாசிபோல எரிந்து சாம்பலாகும், பட்டு மயிர் கருகும் மணம் தரும். இங்கே உருகிச் சுருண்டு கறுத்த மணியாக இறுகியது: பொலியெஸ்டர். அந்த நூல் கடைக்கு வந்தது 1950களில். பின்னாளில் யாரோ பழுதுபார்த்துத் தைத்திருக்கலாம் என்பார்கள். அப்படியென்றால் பழைய தையலின் துளைகள் கம்பளியில் தெரிய வேண்டும். கையடக்க லென்ஸில் ஒரு துளைகூட இல்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஆத்திரத்தில் ரிப்பனைப் பிய்க்க வேண்டாம். முன்புறம், தூக்கிய ஓரம், உட்புறத் தையல் மூன்றையும் படம் எடுத்துவிட்டு, விற்றவரிடம் 'ரிப்பனோடு அசல்' என்று எழுதிய ரசீது கேளுங்கள்.