பாஸ், ரூம், ஊர் சுற்றல் எல்லாம் ஒரே காசில்: கொச்சிக்குப் போய் ஏமாந்த கதை

கொச்சியில் நடக்கும் அனிமே (ஜப்பான் கார்ட்டூன்), காமிக்ஸ் ரசிகர் விழாவுக்கு நுழைவு பாஸ், இரண்டு ராத்திரி ரூம், ஒரு நாள் காரில் ஊர் சுற்றிக் காட்டுவது எல்லாம் சேர்த்துத் தலைக்கு 5,800 ரூபாய் என்று யாராவது வாட்ஸ்அப்பில் சொன்னால், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் ஐந்து பேர், 29,000 ரூபாய். அந்தப் பணத்தை நான் மறந்துவிட்டேன். ஆனால் அந்த ஆள் இன்னும் கடையை மூடவில்லை.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், சந்தையில் இரண்டும். துணிமணி எடுக்கக் கோயம்புத்தூர், மாட்டுத் தீவனத்துக்குப் பொள்ளாச்சி என்று எங்கள் கால் கிழக்கே போய்த்தான் பழக்கம். கொச்சி நம்ம மாநிலத்து ஊர் என்று பேர், நான் அங்கே போனது அதற்கு முன் இரண்டே தடவை.

அக்கா மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். அவளும் அவள் தோழியும் நாலு மாசமாக இந்த விழாவுக்காக வேஷம் தயார் செய்தார்கள். காஸ்ப்ளே என்பார்கள். கறுப்பும் பச்சையும் கட்டம் போட்ட மேலங்கி, காதில் சீட்டுப் போலத் தொங்கும் தோடு, இடுப்பில் வாள். எந்தப் பாத்திரம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மேலங்கியைத் தைத்தவர் எங்கள் ஊர் டெய்லர். “ஸ்கூல் டிராமாவா கண்ணு?” என்று கேட்டுவிட்டு, கட்டத்துக்குக் கட்டம் சேர்த்து அப்படித் தைத்துக் கொடுத்தார். வாளை இவர்களே ஃபோம் ஷீட்டை வெட்டி, உள்ளே மெல்லிய பிவிசி பைப் வைத்து ஒட்டி, வெள்ளிப் பெயிண்ட் அடித்துச் செய்தார்கள். இது மாதிரி விழாக்களில் வாசலில் ஆயுதச் சோதனை உண்டு, இரும்பு, கூர்மையான கட்டை எல்லாம் விடமாட்டார்கள். அதையெல்லாம் அவர்கள் முதலிலேயே படித்து வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் இவ்வளவு கவனமாக இருக்க, பெரியவன் நான்தான் கோட்டை விட்டேன்.

“அவ்வளவு தூரம் போறோம், அப்படியே கொச்சியையும் பார்த்துட்டு வந்துடலாம்டா” என்றாள் அக்கா. அவள் பையனுக்கு வயது பத்து, அவனுக்குக் கப்பல் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், ரசிகர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இந்த ஆளின் விளம்பரம் வந்தது. கூப்பிட்டேன். நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழையும் மலையாளத்தையும் கலந்து பேச ஆரம்பித்தான். “ஏர்லி பாஸ் தீர்ந்நு போயி சாரே. என்ட கையில் அஞ்செண்ணம் உண்டு. இந்த ரேட் இன்னிக்கு ராத்திரி வரைக்கும்தான். பேடிக்கண்டா, எல்லாம் ஞான் ஷரியாக்காம்.” பயப்பட வேண்டாம், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறானாம். விழாவுக்கு வரும் கெஸ்ட்டோடு நின்று போட்டோ எடுப்பதும் பாஸில் அடக்கமாம். நமக்கு வேண்டியதும் அஞ்சு, அவன் கையில் இருப்பதும் அஞ்சு. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஜிபேயில் அனுப்பினேன். விழுந்தது கம்பெனிப் பெயரில் இல்லாத, யாரோ ஒருவரின் தனிக் கணக்கில். கேட்டதற்கு “அக்கவுண்டன்ட் ஆணு சாரே” என்றான். பத்து நிமிஷத்தில் ஜிஎஸ்டி எண் போட்ட ரசீது வந்தது. ஊருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் 13 எழுத்துத்தான். ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 எழுத்து. முதல் இரண்டும் மாநில எண்: கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. இவன் ரசீதில் தொடக்கமே ஏ, பி என்று இருந்தது. ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைத் தட்டினால் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பாலக்காடு ஜங்ஷனில் ரயில் ஏறினோம். திருச்சூர், சாலக்குடி, அங்கமாலி, ஆலுவா, எர்ணாகுளம். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். வாள் மேலே லக்கேஜ் பலகையில் வேட்டி சுற்றிப் படுத்திருந்தது.

ஸ்டேஷனுக்கு வெளியே கார் வந்தது, அது வரைக்கும் உண்மை. டிரைவரோடு ஐந்து பேர் உட்காரும் வண்டி. நாங்களே ஐந்து பேர், அப்புறம் வாள். பையனை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். அட்டவணையில் முதல் இடம் மட்டாஞ்சேரி அரண்மனை. போர்த்துக்கீசியர்கள் 1555 வாக்கில் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்தது, பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பேர். உள்ளே சுவர் முழுக்க ராமாயண ஓவியங்கள். அக்கா வந்ததே அதற்காகத்தான். வாசலில் பூட்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை, எல்லா வெள்ளியும் விடுமுறை.

“பரவால்ல சேச்சி, அடுத்தது ஜூதப் பள்ளி” என்றார் டிரைவர். 1568-இல் கட்டிய பரதேசி யூதத் தொழுகைக் கூடம், சீனாவில் கையால் தீட்டிய நீல ஓடு பதித்த தரை. அதுவும் பூட்டு. “நாளைக்கு வந்து பார்க்கலாமா?” என்று அக்கா கேட்டாள். நாளை சனிக்கிழமை, யூதர்களுடைய ஓய்வுநாள், அன்றைக்கும் திறக்க மாட்டார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் பயணம் போட்டவன், முதல் நாளில் பூட்டிக் கிடக்கும் இரண்டு இடத்தையும் மேலே எழுதி வைத்திருக்கிறான். தெரியாமல் எழுதினானா என்றால், அப்படித் தெரியவில்லை. ஏனென்றால் பூட்டைப் பார்த்த கையோடு கார் நேரே ஒரு மசாலாக் கடை வாசலில் போய் நின்றது. அங்கே ஒரு மணி நேரம். இடுக்கி ஏலக்காய், வயநாட்டு மிளகு, ஏதோ ஒரு மூலிகை எண்ணெய். அக்கா மிளகு வாங்கினாள். கொழிஞ்சாம்பாறையில் விற்கும் விலையைவிட இரண்டு மடங்கு. அது முடிந்து இன்னொரு கடை, மரப் பொம்மைக் கடை. டிரைவர் உள்ளே போய்க் கல்லாவில் ஏதோ சீட்டுக் காட்டிவிட்டு வந்ததைப் பையன் பார்த்துவிட்டான்.

கோட்டைக் கொச்சி மட்டும் யாராலும் கெடுக்க முடியாத இடம். அதற்குப் பூட்டுக் கிடையாது. சீன வலைகள் கல் கட்டின கயிற்றின் எடையில் ஏறி இறங்குவதைப் பையன் வாய் பிளந்து பார்த்தான். கப்பலும் ஒன்று வந்தது. செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவை 1524-இல் புதைத்த இடத்தைக் காட்டுகிறார்கள், உடலைப் பிறகு லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். “இவரையும் யாரோ பேக்கேஜ் போட்டு அனுப்பிட்டாங்க போல” என்றாள் அக்கா. அன்றைக்கு நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

‘ஹவுஸ் போட் அனுபவம்’ என்று அட்டவணையில் இருந்தது, மரைன் டிரைவில் நாற்பது பேரோடு அரை மணி நேரம் போட் சவாரி. நிஜமான ஹவுஸ் போட், அதாவது கெட்டுவள்ளம் வேண்டுமென்றால் ஆலப்புழைக்குப் போக வேண்டும். இந்த ஊரில் தண்ணீரில் போகவா வழியில்லை? எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து கோட்டைக் கொச்சிக்கு அரசுப் படகில் பத்து ரூபாய்கூட ஆகாது. 2023-இல் வந்த வாட்டர் மெட்ரோவில் ஏசியோடும் போகலாம். இதை எங்களுக்குச் சொன்னது மறுநாள் டீக்கடைக்காரர்.

ரூம் விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ரூம் என்றான், ஒன்றுதான் போட்டிருந்தான், அதற்கும் ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் மட்டுமே கட்டியிருந்தான். மீதியையும் இரண்டாவது ரூம் வாடகையையும் நான் கட்டினேன். லாட்ஜ்காரர் மேல் தப்பில்லை, புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

சனிக்கிழமை காலை வேஷம் போட்டு முடித்து, “மண்டபம் பக்கத்துலதானே?” என்று லாட்ஜில் கேட்டோம். அவர் பாஸைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். மண்டபம் அங்கமாலிக்கு அந்தப் பக்கம், திருச்சூர் போகும் நெடுஞ்சாலை ஓரம். முப்பது கிலோமீட்டருக்கும் மேல். முந்தின நாள் ரயிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தாண்டி வந்த ஊர்! பாலக்காட்டிலிருந்து எர்ணாகுளம் பஸ்ஸில் ஏறியிருந்தால் அந்தச் சாலை வழியாகத்தான் வந்திருப்போம். கொச்சி விமான நிலையம்கூட அங்கமாலிக்குப் பக்கத்தில் நெடும்பாசேரியில்தான் இருக்கிறது. கொச்சி என்று போட்டால் அது எவ்வளவு தூரத்துக்கும் நீளும். மண்டபத்தின் பெயர் பாஸிலேயே இருந்தது, நான் மேப்பில் போட்டுப் பார்க்கவில்லை. இதற்கு அவனை மட்டும் திட்டி என்ன செய்வது.

கார் முதல் நாளோடு சரி. மெட்ரோவில் ஆலுவா வரை போனோம், அதுதான் அந்தப் பக்கம் கடைசி நிலையம். பாதுகாவலர் வாளை வாங்கி அமுக்கிப் பார்த்து, சிரித்து, “ஆல் த பெஸ்ட்” என்று திருப்பிக் கொடுத்தார். அப்புறம் பஸ், அப்புறம் ஆட்டோ. விழா வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 12.15.

வரிசையில் நின்றோம். அக்கா மகளின் பாஸை ஸ்கேன் செய்தார்கள், சிவப்பு விழுந்தது. ‘ஏற்கெனவே உள்ளே போன பாஸ்.’ தோழியுடையதும் சிவப்பு. என்னுடையதும். நின்ற பையன்களுக்கு இருபது வயதுதான் இருக்கும், பாவம், மறுபடி மறுபடி ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அதற்குள் அக்கா பையன் என் போனைப் பிடுங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, “மாமா, பேருதான் வேற வேற. அஞ்சுலயும் கட்டம் ஒரே மாதிரி இருக்கு” என்றான். ஒரே க்யூஆர் கோடு, கீழே பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறான். ஓரமாக நிழலில் இன்னும் பதினோரு பேர் அதே கோடோடு நின்றிருந்தார்கள். காலையில் முதலில் வந்த யாரோ ஒருவர் மட்டும் உள்ளே போயிருக்கிறார். அவரும் காசு கொடுத்து வாங்கியவர்தானே.

அவனைக் கூப்பிட்டேன். முதல் தடவை எடுத்து “யாத்ரையிலாணு சாரே, அஞ்சு மினிட்” என்றான். அடுத்த தடவையிலிருந்து அடிக்கவே இல்லை.

வாசலில் நேரடி டிக்கெட் இருந்தது. பெண்கள் இரண்டு பேருக்கும் எனக்கும் மட்டும் வாங்கினேன். கெஸ்ட்டோடு போட்டோவா? அதற்குத் தனி டோக்கனாம், பாஸோடு கொடுக்கும் வழக்கமே இல்லையாம். அது போகட்டும். வேஷப் போட்டிக்குப் பதிவு 11 மணியோடு முடிந்துவிட்டது. மேசையில் இருந்த பெண் நிஜமாகவே வருத்தப்பட்டாள், ஆனால் பட்டியல் மேடைக்குப் போய்விட்டது. அக்கா மகள் அழவில்லை. “பரவால்ல மாமா” என்று சொல்லிவிட்டு, வாளை இடுப்பில் சொருகிக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். நாலைந்து பேர் வந்து அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். கட்டத்தைத் தொட்டுப் பார்த்து எங்கே தைத்தது என்று ஒருத்தர் கேட்டார், அவள் கொழிஞ்சாம்பாறை என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அக்காவும் பையனும் அதற்குள் ஆட்டோ பிடித்துக் காலடிக்குப் போய்விட்டார்கள். ஆதிசங்கரர் பிறந்த ஊர், அங்கமாலி ரயில் நிலையத்துப் பெயரிலேயே காலடி சேர்ந்திருக்கிறது. பெரியாற்றில் கால் நனைத்து, முதலைக் கடவு என்னும் படித்துறையைப் பார்த்து வந்தார்கள். மூன்று நாளில் அக்காவுக்குப் பிடித்த இடம் எந்த அட்டவணையிலும் இல்லாத அதுதான்.

சாயங்காலம் 1930-க்குப் போன் செய்தேன். சைபர் மோசடிக்கு நாடு முழுக்க ஒரே எண்தான், எங்களைப் போல எல்லையில் இருப்பவர்கள் எந்த மாநிலத்துப் போலீஸ் என்று குழம்ப வேண்டாம். பணம் போன தேதி, வங்கி, ஜிபேயில் இருக்கும் 12 இலக்கக் குறிப்பு எண் கேட்டார்கள். உடனே சொல்லியிருந்தால் அந்தக் கணக்கிலேயே பணத்தை நிறுத்திவைக்கப் பார்ப்பார்களாம். நான் அனுப்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. புகார் எண் கையில் இருக்கிறது. அந்தப் பதினோரு பேரில் ஆறு பேரும் கொடுத்திருக்கிறார்கள். இதே ஆளிடம் ஏமாந்த வேறு யாராவது இருந்தால் நீங்களும் கொடுங்கள், ஒரே கணக்கின் மேல் பல புகார் சேர்ந்தால் நல்லது.

போன வாரம் வேறு ஒரு குழுவில் வேறு பெயரில், வேறு போன் எண்ணில் ஒரு விளம்பரம் வந்தது. ரேட் 6,200 ஆகியிருக்கிறது. படங்கள் பழையவையே. முதல் நாள், வெள்ளிக்கிழமை, காலை 11 மணி: மட்டாஞ்சேரி அரண்மனை.