நைத்திரேற்றுத் தண்ணீருக்கு ஆர்.ஓ.வா, ரெசினா, பற்றீரியாவா?

எங்கள் சனசமூக நிலையத்துப் பொதுக் கிணற்றில் நைத்திரேற்று லீற்றருக்கு 100 மில்லிகிராமை எட்டியிருந்தது. உலக சுகாதார அமைப்பின் எல்லை 50. தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழித் தண்ணீரும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் இறங்கும் யாழ்ப்பாணத்தில் இது புதினமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது; தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகளுக்குத்தான் ஆபத்து அதிகம். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற நிலையில் மூன்று வழிகளைப் பார்த்தோம்.

ஆர்.ஓ., அதாவது தண்ணீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் முறை, எல்லோருக்கும் தெரிந்தது. பூட்டிய அன்றே நல்ல தண்ணீர் வரும், உப்பும் சேர்ந்து குறையும். ரெசின் முறையில், ரெசின் என்ற செயற்கைப் பிசின் மணிகள் நைத்திரேற்றைப் பிடித்துக்கொண்டு குளோரைட்டை விடும். ரெசின் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவவேண்டும். சல்பேற்று கூடிய தண்ணீரில் அது சீக்கிரம் நிரம்பிவிடும். ரெசினை நான் சொந்தமாக ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அதன் நாளாந்தச் சிக்கல்களைப் பற்றி அடித்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் இரண்டிலும் ஒரே கேள்விதான் எங்களை நிறுத்தியது: கழிவை எங்கே ஊற்றுவது? இந்த இரண்டு முறையும் நைத்திரேற்றை அழிப்பதில்லை, ஒதுக்கித் தருகின்றன. 100 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் பாதியை ஆர்.ஓ. நல்ல தண்ணீராக்கினால், மற்றப் பாதியில் ஏறத்தாழ 200 இருக்கும். இங்கே கழிவை ஏற்றிச் செல்ல ஆறு இல்லை. வளவில் ஊற்றினால் சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியே அதே நிலத்தடி நீருக்குத்தான் திரும்பிப் போகும். ரெசின் கழிவென்றால் கூடவே உப்பும் போகும். அதைவிட, எங்கள் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படைதான். ஒரு லீற்றர் குடிக்க இரண்டு லீற்றர் இறைத்தால், கீழே இருக்கும் உவர் மேலேறும். ஒரு வீட்டுக்கு இது சின்ன விசயம். ஊர் முழுக்க ஆர்.ஓ. பூட்டினால் கிணறுகளுக்கு அது நல்லதில்லை.

அதனால்தான் பற்றீரியா பக்கம் சாய்ந்தேன். ஒட்சிசன் இல்லாத தொட்டியில், சரளைக் கற்களில் படிந்து வளரும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றைக் கொண்டே சுவாசிக்கும். முடிவில் வருவது நைதரசன் வாயு. அது காற்றோடு போய்விடும். கழிவாக மிஞ்சுவது கொஞ்சச் சேறு மட்டும். பிரான்சிலும் ஜேர்மனியிலும் 1980களிலேயே குடிநீருக்கு இதைச் செய்திருக்கிறார்கள். அங்கே நிலத்தடி நீர் குளிரானது; எங்கள் வெப்பத்தில் பற்றீரியா இன்னும் வேகமாக வேலை செய்யும்.

பற்றீரியாவுக்குத் தீனி வேண்டும். நாங்கள் கொடுப்பது அசற்றிக் அமிலம், வினாகிரியில் உள்ளதுதான். 100 மில்லிகிராம் நைத்திரேற்றுக்குக் கணக்குப்படி 60 மில்லிகிராம். கரைந்துள்ள ஒட்சிசனுக்கும் பற்றீரியா வளர்ச்சிக்கும் அதற்குமேல் கொஞ்சம். பராமரிப்பு முழுக்க இந்த அளவில்தான் இருக்கிறது. குறைந்தால் வேலை பாதியில் நின்று, நைத்திரேற்றின் இடைநிலையான நைத்திரைற்று (nitrite) மிஞ்சும், அது நைத்திரேற்றைவிட மோசம். கூடினால் சல்பேற்றிலிருந்து கூழ்முட்டை மணம் வரும். ஆகவே நாள்தோறும் சோதனைப் பட்டியால் நைத்திரைற்றைப் பார்க்க ஒருவர் பொறுப்பாக இருக்கவேண்டும். தொட்டிக்குப் பிறகு காற்றூட்டல், மணல் வடி, குளோரின் மூன்றும் கட்டாயம். உப்பை இது குறைக்காது. உவர்க் கிணற்றுக்காரருக்கு ஆர்.ஓ. தவிர வழியில்லை.

மாரி மழை பசளையைக் கழுவி இறக்கும்போது நைத்திரேற்று திடீரென்று ஏறினால் தொட்டி எப்படி ஈடுகொடுக்கும் என்று இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு பற்றீரியா பழைய வேகத்துக்கு வரவும் நாளெடுக்கும். இவை தெளிவாகும்வரை தனி வீட்டுக்கும், முக்கியமாகக் குழந்தையின் பாலுக்கும், சின்ன ஆர்.ஓ. அல்லது வெளியிலிருந்து வரும் நல்ல தண்ணீரையே சொல்வேன். பத்து நாற்பது குடும்பம் ஒரே கிணற்றை நம்பியிருக்கும் இடத்துக்கு, பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால், பற்றீரியாத் தொட்டிதான்.